காலையில் எழுந்தால் டிவி அமைப்பு காணோம்: மின்ட், உபுண்டு, ஒரு மாங்காய் மண்டி

மே 17, கேள்வி

காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறோம். பில் போடும் கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் 22, சின்னமன் டெஸ்க்டாப். எடை, ரகம், விலை மூன்றும் வெளியே நிற்கிற விவசாயிகளுக்குத் தெரியட்டும் என்று 32 அங்குல டிவி ஒன்றைச் சுவரில் மாட்டி எச்டிஎம்ஐ கேபிள் இழுத்திருக்கிறோம். டிஸ்ப்ளே செட்டிங்கில் டிவியை வலப்பக்கம் வைத்து 1920×1080 கொடுத்தால் அன்று முழுக்க ஒழுங்காக ஓடுகிறது. மறுநாள் காலை ஆன் பண்ணினால் 1024×768, அதுவும் மிரர், இரண்டு திரையிலும் ஒரே படம். உள்ளே பில்லில் இருக்கிற பாக்கிக் கணக்கு வெளியே எல்லாருக்கும் தெரிகிறது. லினக்ஸ் மானிட்டர் செட்டிங்கைச் சேமிப்பதே இல்லை, விண்டோஸ் போட்டுவிடலாம் என்கிறான் தம்பி. உண்மையா?

மே 17, இரவு

சேமிக்கிறது. ஹோம் ஃபோல்டரைத் திறந்து கண்ட்ரோல்-எச் அழுத்துங்கள், மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். அதில் கான்ஃபிக் என்பதற்குள் சின்னமன்-மானிட்டர்ஸ் என்று ஓர் எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கும். டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். டிவியின் கம்பெனி, மாடல், சீரியல், எந்த போர்ட், எந்த அளவு, எந்தப் பக்கம் என்று வரிசையாக எழுதியிருக்கும். உபுண்டுவின் க்னோம் டெஸ்க்டாப்பில் அந்த ஃபைலுக்கு மானிட்டர்ஸ் என்று மட்டும் பெயர்.

எழுதி வைத்ததை எடுத்துப் போடுகிற இடத்தில்தான் கோளாறு. கம்ப்யூட்டர் எழும்போது போர்ட்டில் இருப்பது யார் என்று கேட்கும். கம்பெனி, மாடல், சீரியல், போர்ட் நான்கும் ஃபைலோடு ஒத்துப்போனால்தான் பழைய அமைப்பு வரும். ஒன்று பிசகினாலும் அது புது ஆள். கணக்கு நோட்டில் பெயர் இல்லாதவர் வந்தால் மண்டியில் புதுப் பக்கம் போடுவீர்கள் அல்லவா, அதையேதான் அதுவும் செய்கிறது. பழைய பக்கம் அழியவில்லை, அப்படியே இருக்கிறது.

உங்கள் கேள்வியிலேயே துப்பு இருக்கிறது: 1024×768. போர்ட்டில் ஏதோ திரை இருக்கிறது என்று தெரிந்து, ஆனால் அது தன்னைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்றால், லினக்ஸின் அடி மையமான கர்னல் எந்தத் திரையும் தாங்கும்படியான பழைய அளவுகளை மட்டும் வைத்துக்கொள்ளும். அந்தப் பட்டியல் 1024×768-உடன் நின்றுவிடும். நாளைக் காலை மிரர் ஆனதும் எதையும் தொடாமல் டிஸ்ப்ளே செட்டிங்கில் டிவிக்கு என்னென்ன அளவு காட்டுகிறது என்று பாருங்கள். 1024×768, 800×600, 848×480, 640×480 என்று நாலே நாலு இருந்தால் ஆள் கிடைத்துவிட்டார்.

இன்னொன்று. டிவியை எப்போது ஆன் பண்ணுகிறீர்கள்? கம்ப்யூட்டருக்கு முன்பா, பின்பா?

மே 18

நாலே நாலுதான் என்று பதில் வந்திருக்கிறது. டிவியை ரிமோட்டில் போடுவது கடைசியில்தானாம். காலையில் மெயின் சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் தானாக எழுந்துவிடும். மின்சாரம் வந்ததும் எழுந்துகொள் என்று பயாஸில் வைத்திருக்கிறார்கள். மின்தடைக்குப் பழகிய ஊரில் அது எல்லாரும் செய்வதுதான். ஆனால் டிவி ஸ்டாண்ட்பையில் சிவப்பு விளக்கோடு தூங்கும். யாராவது ரிமோட்டைத் தேடி எடுக்க வேண்டும்.

திரை தன்னைப் பற்றிச் சொல்லும் அந்தச் சிறு தகவலுக்கு ஈடிஐடி என்று பெயர். அடிப்படை அளவு 128 பைட். எச்டிஎம்ஐ கேபிளில் 15, 16-ஆம் பின்கள் வழியாகத்தான் அது வரும். 18-ஆம் பின்னில் கம்ப்யூட்டர் 5 வோல்ட் அனுப்பும். பழைய மானிட்டர்களில் இந்தத் தகவல் தனிச் சிப்பில் இருக்கும், கம்ப்யூட்டர் கொடுக்கும் அந்த 5 வோல்ட்டே அதற்குப் போதும். மானிட்டரை அணைத்துவைத்திருந்தாலும் படித்துவிடலாம். எல்லா டிவியும் அப்படி இல்லை. சிலது முழுதாக எழுந்தால்தான் வாய் திறக்கும்.

சோதனை சுலபம். மிரர் ஆனபிறகு டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம்.

மே 18, மாலை

செருகியதும் தானாகவே வலப்பக்கம் போய் 1920×1080 வந்துவிட்டதாம். சேமித்தது பத்திரமாக இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

மே 19

ஓசூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: டிவி எழுந்ததும் கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டாமா, ஏன் மறுபடி கேட்பதில்லை?

நியாயமான கேள்வி. திரை வந்துவிட்டது என்று சொல்ல 19-ஆம் பின் இருக்கிறது. அதன் வோல்டேஜ் இறங்கி ஏறினால்தான் கம்ப்யூட்டர் மறுபடி விசாரிக்கும். சில டிவிகள் தூக்கத்திலும் அந்தப் பின்னை ஏற்றியே வைத்திருக்கும். அதனால் கம்ப்யூட்டருக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. இதிலிருந்து இன்னொரு வேடிக்கையும் பிறக்கிறது. டெர்மினலில் எக்ஸ்ராண்டர் என்று மட்டும் அடித்தால் அது எல்லா போர்ட்டையும் புதிதாக விசாரிக்கும். "சும்மா என்ன இருக்கிறது என்று பார்த்தேன், தானே சரியாகிவிட்டது" என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பார்த்ததுதான் மருந்து.

மே 21

தம்பி விடவில்லை. இணையத்தில் தேடி, எக்ஸ்ராண்டர் கட்டளை முழுவதையும் பேஷ்-ஆர்சி ஃபைலில் போட்டுவிட்டானாம். இப்போது காலையில் பழையபடியே மிரர். ஆனால் எப்போது டெர்மினல் திறந்தாலும் வெளியே டிவி ஒரு முறை கறுத்து மின்னுகிறதாம். விலை ஏறிவிட்டதோ என்று வெளியே நின்றவர்கள் எட்டிப்பார்த்தார்களாம்.

பேஷ்-ஆர்சி டெர்மினல் திறக்கும்போது ஓடுவது, அதில் திரைக்கு வேலை இல்லை. எக்ஸ்ராண்டர் செய்யும் எதுவும் அந்த செஷனோடு சரி. அதற்கு நினைவு கிடையாது. எழும்போதெல்லாம் ஓட வேண்டும் என்றால் ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸில் போட வேண்டும். அங்கேயும் ஒரு போட்டி நடக்கும்: உங்கள் கட்டளை முதலில் ஓடி, சின்னமன் பின்னால் வந்து தன் அமைப்பைப் போட்டால் உங்களுடையது போச்சு. மின்டில் அந்த ஜன்னலிலேயே தாமத நொடிகள் கொடுக்க இடம் இருக்கிறது, பத்து நொடி கொடுத்தால் பெரும்பாலும் நிற்கும். ஏராண்டர் என்ற சிறு நிரலில் திரைகளை இழுத்து வைத்துச் சேமித்தால் கட்டளையை அதுவே ஒரு ஸ்கிரிப்டாக எழுதித் தரும், கையால் அடித்துத் திணற வேண்டாம்.

ஆனால் எனக்கு இந்த வழி பிடிக்காது. ஈடிஐடி வரவில்லை என்றால் 1920×1080 என்ற அளவே பட்டியலில் இல்லை. சிவிடி என்ற கட்டளையில் மோட்லைன் (திரை அளவுக்கான சிக்னல் விவர வரி) கணக்கிட்டு, புது மோட் சேர்த்து, அதை டிவிக்கு ஒட்டி... விவரமே வராத டிவிக்கு நாமே ஓர் ஊகத்தைச் சொல்லிக்கொண்டிருப்பது அது. சில டிவி ஒப்புக்கொள்ளும், சிலது "சிக்னல் இல்லை" என்று நீலத் திரை காட்டும்.

மே 22

லாகின் திரை பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். உள்ளே நுழைந்தபின் சரியாக இருக்கிறது, லாகின் கட்டம் மட்டும் தப்பான திரையில் வருகிறது என்று. அது வேறு பயனர், வேறு கான்ஃபிக். உபுண்டுவில் லாகின் திரையை ஓட்டுவது ஜிடிஎம். 24.04 மாதிரிப் பதிப்புகளில் உங்கள் மானிட்டர்ஸ் ஃபைலை வார், லிப், ஜிடிஎம்3 என்று போய் அதற்குள் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரில் நகலெடுத்து, உரிமையாளரை ஜிடிஎம் என்று மாற்றினால் போதும். மின்டில் லைட்டிஎம். லாகின் விண்டோ செட்டிங்கிலேயே எந்த மானிட்டர் என்று தேர்ந்தெடுக்கலாம். அதற்கு மேல் வேண்டும் என்றால் லைட்டிஎம் கான்ஃபில் டிஸ்ப்ளே-செட்டப்-ஸ்கிரிப்ட் என்று ஒரு வரி உண்டு. அந்த ஸ்கிரிப்ட் ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு ஓடும், கவனம்.

மே 25

மண்டியில் டிவியை முதலில் போடுங்கள் என்று சொன்னதில் நாலு நாள் நன்றாக ஓடி, இன்று டிவி எழுந்திருந்தபோதே மிரர் ஆகிவிட்டதாம். சீசன் நேரத்தில் போனில் கேட்டுக்கொண்டிருப்பதை விட நேரிலேயே போய்விடலாம் என்று கிருஷ்ணகிரியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

வாசலில் பெங்களூரா மாங்காய் லோடு இறங்கிக்கொண்டிருந்தது. கேபிள் பில் மேசையிலிருந்து சுவர் ஏறி, டியூப்லைட் பட்டியை ஒட்டிப் போய், ஷட்டர் மேலே வளைந்து டிவிக்கு இறங்குகிறது. பதினைந்து மீட்டர் என்று பாக்கெட்டில் போட்டிருந்ததாம். மிச்சத்தைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தார்கள். கம்ப்யூட்டர் பக்கத்து முனையைக் கழற்றினேன். விரலில் ஒட்டியது. மாங்காய்ப் பால் காய்ந்து, அதன் மேல் புழுதி படிந்து, பிளக்கின் உலோக ஓரம் முழுக்கப் பழுப்பு நிறத்தில் பிசினாக இறுகியிருந்தது. காயை எண்ணிவிட்டு வந்த கையோடு செருகியிருக்கிறார்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்ததும் பாதிப் பிசுக்கு வந்துவிட்டது, மீதி வரவில்லை.

கர்னல் எழுதிவைக்கும் குறிப்புகளை டிமெசேஜ் கட்டளையில் பார்த்தேன். ஈடிஐடி செக்சம் தவறு என்று வரி வரியாகக் கிடந்தது. 128 பைட்டையும் கூட்டினால் 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும், கடைசி பைட் அதற்காகவே இருக்கிறது. வழியில் ஒரு பிட் புரண்டாலும் கூட்டல் உதைக்கும், தகவல் முழுவதையும் தள்ளிவிடுவார்கள். படம் போகும் ஜோடிக் கம்பிகள் வேறு, இந்தத் தகவல் வரும் இரண்டு கம்பிகள் வேறு. அதனால்தான் படம் பளிச்சென்று இருக்கும், விவரம் மட்டும் கெட்டுப்போகும். நீளமான மலிவுக் கேபிளில் இது சகஜம். ஆக இந்த மண்டியில் காரணம் இரண்டு: டிவி தூங்குவது ஒன்று, கேபிள் மற்றொன்று. முதலாவதைச் சரிசெய்ததும் இரண்டாவது வெளியே தலைகாட்டியது.

பையிலிருந்த இரண்டு மீட்டர் கேபிளை எடுத்து, சிபியுவைத் தூக்கி டிவிக்கு அடியில் ஸ்டூலில் வைத்து நேராக இணைத்தேன். சுத்தமான ஈடிஐடி வந்தது. அதை அப்படியே ஒரு ஃபைலாக எடுத்துக்கொண்டேன்.

மே 25, இரவு

செய்ததை விவரமாக எழுதுகிறேன், கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

சிஸ் ஃபோல்டருக்குள் கிளாஸ், அதற்குள் டிஆர்எம் என்று போனால் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும். உள்ளே ஈடிஐடி என்று ஒரு ஃபைல். எல்எஸ் அடித்தால் அதன் அளவு எப்போதும் 0 என்றுதான் காட்டும், அதைப் பார்த்து மிரள வேண்டாம். ஹெக்ஸ்டம்ப் கொடுத்துப் பாருங்கள். ஒன்றுமே வராவிட்டால் விவரம் இல்லை. வந்தால் முதல் எட்டு பைட் 00, பிறகு ஆறு எஃப்எஃப், மறுபடி 00 என்று இருக்கும். டிவி என்றால் பெரும்பாலும் 256 பைட் வரும், பின்பாதியில் ஆடியோ விவரமெல்லாம் இருக்கும். ஈடிஐடி-டிகோட் என்ற நிரலில் கொடுத்தால் மனிதர் படிக்கும்படி விரித்துக் காட்டும்.

அந்த ஃபைலை லிப், ஃபர்ம்வேர் என்ற இடத்தில் ஈடிஐடி என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அங்கே வைத்தேன். கம்ப்யூட்டரை எழுப்பும் கிரப்பின் அமைப்பில் கர்னல் வரியோடு டிஆர்எம்-இன் ஈடிஐடி-ஃபர்ம்வேர் என்ற பாராமீட்டரைச் சேர்த்து, இந்த போர்ட்டுக்கு இந்த ஃபைல் என்று சொன்னேன். அப்டேட்-கிரப். இனிமேல் அந்த போர்ட்டில் கேபிள் என்ன உளறினாலும் கர்னல் ஃபைலில் இருப்பதையே நம்பும்.

மாட்டிக்கொள்ளும் இடம் போர்ட்டின் பெயர். எக்ஸ்ராண்டர் எச்டிஎம்ஐ-1 என்று சொல்லும், கர்னலோ அதையே எச்டிஎம்ஐ-ஏ-1 என்று சொல்லும். பாராமீட்டரில் கர்னலின் பெயர்தான் எழுத வேண்டும். எக்ஸ்ராண்டர் பெயரை எழுதினால் எந்தப் பிழையும் காட்டாது, வேலையும் செய்யாது.

கிராஃபிக்ஸ் டிரைவர், கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஏறும் சிறு தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ் கட்டத்திலேயே ஏறினால், அந்த நேரத்தில் ஃபைலும் அதற்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்று டிமெசேஜில் புலம்பும். மண்டி கம்ப்யூட்டரில் புலம்பியது. ஃபைலை அதற்குள் சேர்க்கும் ஹூக் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டியதும் அடங்கியது.

திரை இருப்பதே தெரியாமல் போகிறவர்களுக்கு, அதே கர்னல் வரியில் வீடியோ என்ற பாராமீட்டரில் போர்ட் பெயரைக் கொடுத்து, கோலனுக்குப் பின் சின்ன ஈ எழுத்தைப் போட்டால் "அங்கே திரை இருப்பதாக வைத்துக்கொள்" என்று அர்த்தம். என்விடியாவின் சொந்த டிரைவருக்கு வழி வேறு. எக்ஸோர்க் கான்ஃபில் கஸ்டம்-ஈடிஐடி என்ற ஆப்ஷன்.

மே 26

இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு: ஈடிஐடி-யைக் கர்னலில் பதித்துவிட்டால் அந்த போர்ட்டில் நாளைக்கு வேறு மானிட்டர் செருகினாலும் பழைய டிவியின் விவரமே வரும். ஓரிடத்தில் ஆணியடித்து வைத்த டிவிக்கு இது சரி. வீட்டுக்கும் ஆபீசுக்கும் தூக்கிக்கொண்டு அலைகிற லேப்டாப்புக்கு ஆகாது.

மே 30

லேப்டாப் என்றதும் பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் வரிசையாக வந்துவிட்டார்கள். ஒரே கேபிளில் பல திரைகளை இணைக்கும் பெட்டியான யுஎஸ்பி-சி டாக்கில்தான் எல்லாருக்கும் பிரச்சினை.

டாக்கில் ஒரே கேபிளில் இரண்டு டிஸ்ப்ளேபோர்ட் பிரிகிறது என்றால் அவற்றின் பெயர்கள் டிபி-1-1, டிபி-1-2 என்கிற மாதிரி இருக்கும். டாக்கை லேப்டாப்பின் அடுத்த ஓட்டையில் செருகினாலே பெயர் மாறிவிடும். க்னோமுக்குப் பெயர் மாறினால் புது அமைப்பு. என் மேசையில் டாக்கின் கேபிளை எப்போதும் இடப்பக்கத்து ஓட்டையில் மட்டும்தான் செருகுகிறேன். வலப்பக்கத்தில் செருகிய அன்று நிமிர்ந்து நிற்கும் மானிட்டரில் எல்லாம் படுத்துக்கொண்டன.

டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டர்களில் இன்னொரு குணம்: பவர் பட்டனை அணைத்தால் பலதும் கேபிளைப் பிடுங்கியது போலவே காணாமல் போய்விடும். ஜன்னல்கள் எல்லாம் லேப்டாப் திரைக்கு ஓடிவரும். அணைக்காதீர்கள், தானாகத் தூங்க விடுங்கள். அதற்கும் போகிற மானிட்டர் உண்டு, அதன் மெனுவில் டீப் ஸ்லீப் என்று ஏதாவது இருந்தால் நிறுத்துங்கள்.

திரையை ஓட்டும் பழைய அமைப்பான எக்ஸ்11-இல் இருப்பவர்களுக்கு ஆட்டோராண்டர் நல்ல மருந்து. வீடு, ஆபீஸ் என்று பெயரிட்டுச் சேமித்தால், எந்தத் திரைகள் செருகியிருக்கின்றன என்று ஈடிஐடி வைத்துப் பார்த்துத் தானே மாற்றிக்கொள்ளும்.

மே 31

நேற்று எழுதியதும், மே 21-இல் எக்ஸ்ராண்டர் பற்றி எழுதியதும் எக்ஸ்11-க்கு. அதன் இடத்துக்கு வந்த புது அமைப்பான வேலேண்டில் எக்ஸ்ராண்டர் அடித்தால், சில பதிப்புகளில் திரைக்கு எக்ஸ்வேலேண்ட்0 என்று ஒரு பொய்ப்பெயர் வரும். அந்தப் பெயரைப் பார்த்தாலே அங்கே எக்ஸ்ராண்டருக்கு அதிகாரம் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். உபுண்டு 25.10-இல் க்னோமுக்கு எக்ஸ்11 செஷனே இல்லை. கேடிஈ பிளாஸ்மா 6 டெஸ்க்டாப் வேலேண்டில் கான்ஃபிக் ஃபோல்டரில் கேவின்-அவுட்புட்-கான்ஃபிக் என்ற ஜேசன் ஃபைலில் எழுதுகிறது. ஸ்வே மாதிரி எளிய டெஸ்க்டாப்களுக்கு கான்ஷி என்ற நிரல், அதுதான் அங்கே ஆட்டோராண்டரின் வேலையைப் பார்க்கிறது. கர்னலில் ஈடிஐடி-யைப் பதிக்கும் வழி மட்டும் எல்லாவற்றுக்கும் பொது, அது இவற்றுக்கெல்லாம் கீழே நடக்கிற வேலை.

ஜூன் 3

தர்மபுரியிலிருந்து ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்காரர். ஒரு கம்ப்யூட்டர், விஜிஏ ஸ்பிளிட்டர், இரண்டு பழைய மானிட்டர், இரண்டிலும் 1024×768-க்கு மேல் வரவில்லை. விஜிஏ-வில் 12, 15-ஆம் பின்கள்தான் ஈடிஐடி கொண்டுவருபவை. மலிவுக் கேபிள்களில் அந்தப் பின்களே இருக்காது. முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் ஓட்டைப்பல் மாதிரி தெரியும். கேபிளை மாற்றச் சொன்னேன், வந்துவிட்டது. அரசு இலவச லேப்டாப்பில் பாஸ் என்ற இந்திய லினக்ஸ் வந்த காலத்திலிருந்தே இந்தக் கேபிள்கள் நம் பக்கம் கைமாறிக்கொண்டே இருக்கின்றன, தூக்கிப் போட யாருக்கும் மனம் வருவதில்லை.

ஜூன் 4

மிக எளிய காரணம் இன்னும் பட்டியலில் வரவில்லை. அந்த எக்ஸ்எம்எல் ஃபைலின் உரிமையாளர் யார் என்று பாருங்கள். யாரோ சூடோ போட்டு எதையோ நகலெடுத்திருந்தால் ரூட் பெயரில் கிடக்கும், உங்கள் பயனரால் எழுத முடியாது. டிஸ்க் நிரம்பியிருந்தாலும் இதே கதை. பாளையக்கோட்டில் ஒரு கடையில்... மன்னிக்கவும், பாலக்கோட்டில் ஒரு தக்காளிக் கமிஷன் கடையில் டிஸ்க் முழுக்க சிசிடிவி பதிவு, எழுத இடமே இல்லை.

அப்புறம் "இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளவா" என்று கேட்கும் பெட்டி. க்னோமில் 20 நொடிக்குள் ஆம் சொல்லாவிட்டால் பழையதற்குத் திரும்பிவிடும். அந்தப் பெட்டி வெளித் திரையில் போய் உட்கார்ந்தால்? மண்டியில் அதுவும் நடந்திருக்கிறது. செட்டிங் ஏன் திரும்பிப் போகிறது என்று உள்ளே இவர் முழிக்க, வெளியே ஒரு பெரியவர் "என்னமோ எண் குறைஞ்சுக்கிட்டே வருதுப்பா, விலையா?" என்று கேட்டாராம்.

ஜூன் 8

டிவியில் நாலு ஓரமும் வெட்டுப்படுகிறது என்பவர்களுக்கு: அதை லினக்ஸில் தேடாதீர்கள். டிவி மெனுவில் பட அளவு என்ற இடத்தில் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட், 1:1 என்று ஏதோ ஒரு பெயரில் இருக்கும்.

ஜூன் 15

மண்டியில் மழைக்கும் மின்தடைக்கும் நடுவில் இந்த மூன்று வாரமும் அமைப்பு கலையவில்லை என்று செய்தி. யார் முதலில் எழுந்தாலும் டிவி வலப்பக்கத்தில், 1920×1080-இல். கேபிள் அதே பதினைந்து மீட்டர்தான். மாற்றச் சொன்னேன், நீலம் மாங்காய் வரத்து முடியட்டும் என்கிறார்.

இப்போது எடை போடும் பக்கமும் ஒரு டிவி வேண்டுமாம், அதே மாடல் வாங்கிவிட்டார். ஈடிஐடி-யைப் பார்த்தேன். இரண்டிலும் சீரியல் ஒன்றே: நாலு தடவை 01. தனித்தனி எண் எழுதச் சோம்பல்படும் டிவிகளில் இப்படி வருவதுண்டு. இனி இரண்டையும் பிரித்துச் சொல்ல போர்ட் பெயர் ஒன்றுதான் இருக்கிறது. மாற்றிச் செருகினால் விலைப் பட்டியல் எடை மேடையிலும், எடை வாசலிலும் வரும். ஒரு கேபிளில் சிவப்பு டேப், சிபியுவில் அந்த போர்ட்டுக்குப் பக்கத்திலும் சிவப்பு டேப் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். கை கழுவிவிட்டுச் செருகவும் சொன்னேன்.